பரமதத்தன் போன கடல்

காரைக்கால் என்றதும் எல்லோருக்கும் அம்மையார் நினைவு வரும். காரைக்கால்மேட்டுக் கரையில் நின்றபோது எனக்கு நினைவு வந்தவன் அவர் கணவன் பரமதத்தன். அம்மையாரைக் கொண்டாடுகிறவர்கள் அவனை அதிகம் பொருட்படுத்துவதில்லை. மனைவியின் கையில் எங்கிருந்தோ வந்து விழுந்த மாம்பழத்தைக் கண்டு மிரண்டவன். வாணிபத்துக்குப் போகிறேன் என்று கப்பலேறியவன். திரும்பி இந்த ஊருக்கு வராமல் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் கரையேறி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவன். கோழை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சேக்கிழார் அவனைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விடவில்லை. புது ஊரில் பிறந்த பெண் குழந்தைக்கு அவன் புனிதவதி என்று பெயர் வைத்தான். விட்டுவிட்டு வந்த மனைவியின் பெயர்.

ஒரே வீட்டில் வாழ்ந்தவரை அவளிடம் அவனுக்கு இருந்தது அச்சம். கடலைத் தாண்டிப் போன பிறகு அது வழிபாடாயிற்று. உறவினர்கள் அவளைப் பல்லக்கில் ஏற்றி அவன் இருக்கும் ஊருக்கே கூட்டிப் போனபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து காலில் விழுந்தான். கட்டியவள் காலில் விழுகிறானே என்று சுற்றத்தார் திகைத்தார்கள். இவர் மானிடர் இல்லை, தெய்வம் என்று சொன்னவன் அவன்தான். காரைக்காலில் அவளோடு வளர்ந்தவர்கள், அவள் கையால் சாப்பிட்டவர்கள் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதாகக் கதையில் இல்லை. அம்மையாரின் முதல் பக்தன் ஊரைவிட்டு ஓடிப்போன ஒருவன். புலம்பெயர்கிறவனுடைய சாமிக்கு என்ன ஆகிறது என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

நாகூரில் பஸ் ஏறினால் காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர் அளவுதான். நடுவில் வாஞ்சூரில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொள்ள எல்லைப் பலகையைத் தேட வேண்டாம், மதுக்கடைகளே சொல்லிவிடும். அடுத்து திருமலைராயன்பட்டினம். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் இங்கேதான் கடலாட வருகிறார். அவர் கைப்பிடித்த பத்மினி நாச்சியார் மீனவர் தலைவன் வீட்டுப் பெண் என்பது ஐதீகம். அதனால் பட்டினச்சேரி மீனவர்கள் பெருமாளை ‘மாப்பிள்ளே, மாப்பிள்ளே’ என்று கூவித்தான் அழைக்கிறார்கள். இந்தக் கரையில் சாமிகளுக்கே பயணமும் சம்பந்தமும் உண்டு. மனிதர்களைக் கேட்க வேண்டாம்.

காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1739-ல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பெற்றார்கள். நாடு விடுதலை பெற்று ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இருக்கிறார்கள். முஸ்லிம் தெருக்களில் ‘சபராளி’ வீடுகள்: முன்பு சைகோன், பினாங்கு, இப்போது வளைகுடா. ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கும்போது இந்த ஊர் நிரம்பி வழியும். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கும் திருவிழா அது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவார்கள். நான் போனது அதற்கு முன்பு, மே மாத வெயிலில். தெருவில் ஆளில்லை.

ஊரிலிருந்து கிழக்கே, அரசலாறு கடலில் சேரும் பகுதியை ஒட்டி இருக்கும் மீனவ ஊர் காரைக்கால்மேடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சிலவற்றைக் கரையேற்றி அடிப்பலகை பார்த்து வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். தடைக்காலத்தில் இப்படிப்பட்ட ஊருக்குப் போவதில் ஒரு வசதி உண்டு, ஆண்கள் பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். வலைக் கூடத்து நிழலில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்குப் போய்ப் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

சாமி பற்றிக் கேட்டதும் சிரித்தார். “ஊர்ல இருந்தவரைக்கும் நான் சாமி கும்பிட்டதா ஞாபகமே இல்ல சார். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி குடுப்போம், சாமி தூக்குவோம், ராத்திரி கச்சேரி பார்ப்போம். அது ஊர் வேலை. கும்பிடுறது வீட்டுல பொம்பளைங்க பார்த்துக்குவாங்க.”

“அங்கே போன பிறகு?”

“அங்க வரி கேக்க ஆள் இல்லல்ல? அம்மா படம் ஒண்ணு, காலண்டர்ல இருந்து கிழிச்சது, பையில வெச்சிருந்தேன். கடலுக்குப் போறப்ப அதைத் தொட்டுக் கும்பிடாம போனதே கெடையாது. எங்க ரூம்ல நாகூர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு. வியாழக்கிழமை ராத்திரி பாத்திஹா ஓதுவாரு. எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஓதுவாரு. நாங்களும் உக்காந்து தலை குனிஞ்சுக்குவோம். ஊர்ல இருந்தா நான் எதுக்கு சார் அங்க போய் உக்காரப் போறேன்?”

திரும்பி வந்த பிறகு எப்படி என்று கேட்டேன். “பழையபடி வரிதான்” என்றார். சற்று நேரம் ஊசியை ஓட்டிவிட்டு, “நாகூருக்கு மட்டும் வருஷா வருஷம் போயிட்டு வந்துடுறேன்” என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது பக்தி கூடியது அல்ல. கஷ்டத்தில் இருப்பவனுக்குப் பக்தி கூடுவது எங்கும் நடப்பதுதான். ஊரில் சாமி என்பது பஞ்சாயத்து, வரி, முதல் மரியாதை, எந்தத் தெருவில் சப்பரம் நிற்கும், எந்தத் தெருவில் நிற்காது என்ற கணக்கு. பிறக்கும்போதே எழுதிவைக்கப்பட்ட இடம் அது. ஊர் இல்லாத இடத்துக்குப் போனதும் அந்தக் கணக்கு கழன்றுவிடுகிறது. மிச்சம் இருப்பது ஒரு படமும் ஓர் ஆளும்தான். பக்கத்தில் இருப்பவன் கும்பிடும் சாமிக்கு அப்போது இடம் வந்துவிடுகிறது.

அவர் போனது விமானத்தில், விசா வாங்கிக்கொண்டு. இதே கரையிலிருந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு போனவர்களின் கதை வேறு.

பிரான்ஸ் 1848-ல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இந்துமாக்கடலில் ரெயூனியனுக்கும், அந்தப் பக்கம் கரீபியனில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றினார்கள். காரைக்காலும் புதுச்சேரியும் அதற்கான முக்கியத் துறைகள். ஆட்களோ பெரும்பாலும் பிரெஞ்சுப் பகுதிக்காரர்கள் இல்லை. காரைக்காலைச் சுற்றியிருந்த தஞ்சை மாவட்டத்துச் சேரிகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்த நிலமில்லாதவர்கள். ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் ஏமாற்றியும் கடத்தியும் காரைக்காலுக்குக் கொண்டுவந்ததாக அன்றைய ஆங்கிலேய ஆவணங்களில் புகார்கள் உண்டு. 1861-ல் பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டு, ஆங்கில இந்தியாவிலிருந்தும் வெளிப்படையாகவே ஆள் எடுத்தார்கள். இந்த ஏற்றுமதி நின்ற 1880-களுக்குள் ரெயூனியனுக்குச் சுமார் 1,18,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர், மார்த்தினிக்குக்கு 25,000 பேர் போயிருந்தார்கள். எல்லோரும் தமிழர்கள் இல்லை, கல்கத்தாவில் ஏறியவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஆனால் அந்தத் தீவுகளின் இந்திய வழிபாட்டுக்கு உருக் கொடுத்தவர்கள் தமிழர்கள்.

ஆழமான துறைமுகம் அப்போது இங்கே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைக் கடந்து ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கரீபியனுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போக மூன்று மாதம் ஆகும். ஒரேலி என்ற கப்பல் 1853 மே 6-ல் மார்த்தினிக்கில் முதல் தொகுதியை இறக்கியது. அதே கப்பல் குவாதலூப்பில் முந்நூற்றுச் சொச்சம் பேரை இறக்கியது 1854 டிசம்பர் 24 அன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். மாதா கோயில் மணிகள் அடிக்கிற ஊரில், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் இறங்கினார்கள். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு. அதில் பொங்கலுக்கு நான்கு நாள் விடுப்பு என்றும் எழுதியிருந்தது. முடிந்ததும் திரும்பிவரும் உரிமை இருந்தது, ஆனால் திரும்பியவர்கள் சிறுபான்மை.

போனவர்களில் பிராமணர் கிட்டத்தட்ட இல்லை. ஆகமம் தெரிந்தவர் இல்லை. சிற்பி இல்லை. எடுத்துப்போனது நினைவில் இருந்ததை மட்டும்: மாரியம்மன் தாலாட்டு, பாரதக் கூத்து, தீமிதி, காவலுக்கு நிற்கும் மதுரைவீரன், தப்பு, வேப்பிலை. பாட்டு மனப்பாடமாகத் தெரிந்தவன் எந்தச் சாதியானாலும் வாத்தியார் ஆனான். குவாதலூப்பில் மாரியம்மன் ‘மலியேமா’வாகவும், மதுரைவீரன் ‘மல்தெவிலான்’ ஆகவும் இருக்கிறார்கள். ரெயூனியனில் பாஞ்சாலிக்காகப் பதினெட்டு நாள் விரதம் இருந்து தீ மிதிக்கிறார்கள். மார்த்தினிக்கில் இரண்டு பேர் பிடித்திருக்கும் வெட்டுக்கத்தியின் கூர்முனையில் ஏறி நின்று பூசாரி அருள்வாக்குச் சொல்கிறார். கேட்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. சொல்கிறவருக்கும் அநேகமாகத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் கிரியோல் மொழியில் எடுத்துச் சொல்கிறார். நம் தென்மாவட்டத்துக் கருப்பசாமி கோயிலில் அரிவாள் மேல் நிற்கும் சாமியாடி அங்கே போனால் தன் ஊர் என்றே நினைப்பார்.

இவற்றிலெல்லாம் என்னை உட்கார வைத்தது ஒரு கொடிமரம். இந்தத் தீவுகளின் பழைய மாரியம்மன் கோயில்களின் வாசலில் நெடிய மரம் நட்டு, பிறைநிலவு போட்ட கொடி ஏற்றுகிறார்கள். அது நாகூர் மீராவுக்கு, அதாவது நாகூர் தர்காவின் ஷாஹுல் ஹமீது ஆண்டகைக்கு. குவாதலூப், மார்த்தினிக் பக்கம் ‘நாகூமிலா’, ரெயூனியனில் ‘நர்குலான்’. அவர் முஸ்லிம் அவுலியா என்பது வழிபடுகிறவர்களில் பலருக்கு இன்று தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அது ஒரு பொருட்டு இல்லை. மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் பூசை நடக்கும் அதே நாளில் அவருக்கும் நடக்கிறது.

காரணம் எளிது. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள் இந்தக் கடலில் போகிறவனுக்கு அடையாளம். அவற்றில் உயரமானது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கரையை விட்டுப் போகும்போது கண்ணில் கடைசிவரை நிற்பது அதுதான், வரும்போது முதலில் தெரிவதும் அதுதான். ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, நாகூரில் இருந்தபடியே கண்ணாடியை வீசி ஓட்டையை அடைத்து ஷாஹுல் ஹமீது ஆண்டகை காப்பாற்றினார் என்பது கரையெங்கும் சொல்லப்படும் கதை. கடலையே பார்த்திராத ஓர் உழவுக்கூலி மூன்று மாதம் கப்பலின் அடித்தட்டில் கிடக்கப் போகிறான். மாரியம்மன் அம்மையைப் பார்த்துக்கொள்வாள், மதுரைவீரன் காவலைப் பார்த்துக்கொள்வான். கப்பலைப் பார்த்துக்கொள்ள யார்? அவன் நாகூராரைக் கூப்பிட்டான். உயிரோடு போய் இறங்கியதும் நேர்ந்துகொண்டதைச் செலுத்தினான். தர்கா கட்டப் பணமில்லை. ஒரு மரமும் ஒரு துணியும் போதுமாயிருந்தது. ஆண்டகையே மாணிக்கப்பூரிலிருந்து ஊர் ஊராக வந்து பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் தங்கியவர். இடம்பெயர்ந்தவனின் பாடு அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காசு இருந்தவர்கள் செய்ததும் உண்டு. இதே பகுதியிலிருந்து வணிகத்துக்குப் போன சோழிய முஸ்லிம்கள் பினாங்கிலும், 1828-க்கும் 1830-க்கும் இடையே சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவிலும் நாகூர் தர்காவின் நகலைக் கட்டினார்கள். ஆண்டகையின் உடல் அங்கே இல்லை, நினைவுக்காகக் கட்டியது. சிங்கப்பூர்க் கட்டடம் இப்போது அரசு பாதுகாக்கும் சின்னம். கூலிகளின் கொடிமரத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பும் தேவைப்படவில்லை. பழசானால் வேறு மரம் வெட்டி நடுகிறார்கள்.

அம்மையாரும் கப்பலேறியிருக்கிறார். கம்போடியாவில் 967-ல் எழுப்பப்பட்ட பந்தேய் ஸ்ரேய் கோயிலில், ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உருவம் உண்டு. காரைக்கால் அம்மையார் என்று அதை அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் முன்னால். எந்த வணிகன் கொண்டுபோனானோ.

தீவுகளில் நடந்ததைத் தூய பக்தியின் கதையாகச் சொல்லிவிடவும் கூடாது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கிறிஸ்தவப் பெயர் வைத்தால்தான் மரியாதை என்ற நிலை இருந்தது. கத்தோலிக்கத்தில் முழுதாகக் கரைந்துபோன குடும்பங்கள் ஏராளம். இன்னும் பலர் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில், நேர்த்திக்கடனுக்கு மாரியம்மன். குவாதலூப்பில் இறந்தவர்களுக்குப் படையல் போடும் ‘சம்ப்லானி’ என்ற சடங்கு இருக்கிறது. நம் சாம்பிராணிதான் அது. படைக்கும் நாள் எது தெரியுமா? நவம்பர் தொடக்கம், கத்தோலிக்கரின் கல்லறைத் திருநாளை ஒட்டி. அமாவாசைக் கணக்கைச் சொல்லப் பஞ்சாங்கம் இல்லை. ஊரே இறந்தவர்களை நினைக்கும் நாளில் அவர்களும் தங்கள் பாட்டன் பாட்டியை நினைத்துக்கொண்டார்கள். வாழையிலையில் சோறும் குழம்பும் பக்கத்திலேயே ரம்மும் சுருட்டும். நம் வீடுகளில் தாத்தாவுக்குப் பிடித்ததைப் படைப்பதில்லையா?

இதைத் திருத்தவும் ஆட்கள் வந்தார்கள். 1970-களுக்குப் பிறகு ரெயூனியனில் தமிழ் அடையாளம் தேடும் சங்கங்கள் வளர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளும் குருக்களும் போனார்கள். தோட்டத்து மூலையில் இருந்த சின்னக் கோயில்கள் கோபுரம் வைத்த கோயில்களாயின. செந்தேந்த்ரே நகரத்தில் தீபாவளி இப்போது பெரிய பொதுவிழா. வேர் தேடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நூறு வருடம் ‘மலபார்’ என்று இகழப்பட்டவர்கள் தலைநிமிர ஒரு கோபுரம் தேவைப்பட்டது. ஆனால் அதனோடு சேர்ந்தே, ஆடு வெட்டுவது அநாகரிகம், தமிழ் தெரியாமல் பாடும் பாட்டு பிழை, கொடிமரத்து அவுலியா இந்து மதத்தில் சேர்த்தியில்லை என்ற முகச்சுளிப்பும் போய்ச் சேர்ந்தது. ஊரை விட்டதால் கழன்ற கணக்கு, விமானம் ஏறித் திரும்ப வந்து கதவைத் தட்டியது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: 1860-ல் இந்தக் கரையில் இருந்த சமயம் எது என்று பார்க்க வேண்டுமானால், இங்கே புதுப்பிக்கப்பட்ட கோயில்களைவிட அந்தத் தோட்டத்துச் சிறு கோயிலே நல்ல சாட்சி. மாரியம்மனும் நாகூராரும் ஒரே வாசலில் இருப்பதை அவர்கள் அங்கே போய்க் கண்டுபிடிக்கவில்லை. காரைக்காலிலிருந்து கொண்டுபோனார்கள். நாகூர்க் கந்தூரிக்கு இன்றும் இந்துக்கள் திரளாகப் போகிறார்கள். என்னோடு பேசிய பஹ்ரைன் மனிதரும் போகிறார். ஆனால் அந்தக் கொடியைத் தன் அம்மன் கோயில் வாசலில் நட இன்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் துணியாது. போனவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நாம் இரக்கப்படுகிறோம். மறந்தவர்கள் பாதிக்குப் பாதி நாம்தான்.

மாலையில் கரையோரம் நடந்தேன். நடைபாதையில் குடும்பங்கள், சுண்டல் விற்பவர்கள், பட்டம் விடும் பையன்கள். மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் கூலிகள் இறங்கிய படித்துறை 2006-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் ஏறிய இடத்தில் நினைவுக்கல் இருக்கிறது. குவாதலூப்பின் துறைமுகத்தில் இறங்கிய நாளுக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். தமிழர்கள் ஏறிய காரைக்காலில், நான் நடந்தவரை, அப்படி ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. தாத்தாவின் தாத்தா ஊரைத் தேடி அந்தத் தீவுகளிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே நின்று கும்பிடுவார்கள்?

புதுச்சேரி அரசுக்கும் காரைக்கால்மேட்டுப் பஞ்சாயத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கரையில் ஒரு கல் நடுங்கள். தமிழிலும் பிரெஞ்சிலும் மூன்று தீவுகளின் பெயரும், போன ஆண்டுகளும், தோராயமான எண்ணிக்கையும் இருந்தால் போதும். எந்தச் சாமியின் படமும் வேண்டாம். வருகிறவர்கள் அவரவர் சாமியைக் கொண்டுவருவார்கள். ஒரு விசைப்படகுக்கு வலை வாங்கும் செலவுகூட ஆகாது.